தண்ணீருக்குள் கிடக்கும் ஆத்தா

சேலத்துப் பிள்ளைகள் கடல் பார்க்க வேண்டுமென்றால் கிழக்கே இருநூறு கிலோமீட்டர் போக வேண்டும். அதற்கு வசதிப்படாதவர்கள் மேட்டூர் அணையின் நீர்த்தேக்கத்தைக் காட்டி இதுதான் கடல் என்று சொல்லிவிடுவார்கள். பிள்ளைகளும் நம்பிவிடும். ஐந்து வயது அமுதவல்லி நம்பியதோடு நிற்காமல், பள்ளிக்கூடத்தில் போய், "நாங்க ஞாயித்துக்கிழமையானா கடலுக்குப் போறோம், அங்க ஒரு இடிஞ்ச கோட்டை இருக்கு, எங்கம்மாவோட கோட்டை" என்று வேறு சொல்லி வைத்திருந்தாள். அவளுடைய டீச்சர் அதை ஒரு தினுசான சிரிப்போடு கேட்டுக்கொண்டாள்.

அந்தப் பிள்ளை சொன்னதில் பாதி உண்மை. கோட்டை உண்மைதான்.

தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் அணை கட்டியபோது கரையோர ஊர்கள் பல தண்ணீருக்குள் போயின. கோட்டூரும் போனது. பாளையக்காரர் காலத்து மண்கோட்டை ஒன்று, அதற்குள் கோட்டையாத்தா கோயில், கோயிலுக்கு முன்னால் கல்லில் ஒரு விளக்குத்தூண், எல்லாம் உள்ளே போய்விட்டன. ஊர்க்காரர்கள் மேட்டில் ஏறிப் புதுக்கோட்டூர் என்று குடியேறினார்கள். ஆத்தாவின் சிலையைப் பெயர்க்க எவ்வளவோ பார்த்தும் அது அசையவில்லை. அமுதவல்லியின் அம்மா கிருத்திகாவுக்கு முப்பாட்டனான ஒருவர் சிலையின் காலடியிலிருந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, துண்டில் முடிந்து, பரிசலில் கொண்டுவந்து மேட்டில் வைத்துப் புதுக்கோயில் கட்டினார். பிடிமண் எடுத்தால் சாமியும் கூடவே வந்துவிடும் என்பது அந்தப் பக்கத்து வழக்கம். அன்றிலிருந்து புதுக்கோயில்தான் ஆத்தாவுக்கு வீடு, முப்பாட்டன் வழி வந்த பங்காளிகள்தான் அதற்குச் சாவி.

சாவி இப்போது கிருத்திகாவின் பெரியப்பா வெள்ளியங்கிரியின் இடுப்பில் இருந்தது.

கிருத்திகாவுக்கும் அந்தச் சாவிக்கும் ஏழு வருஷமாக ஆகாது. அவள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டும் அறிவைக் கட்டிக்கொண்டாள். அறிவு வேற சனம். மளிகைக் கடைகளுக்கு மூட்டை ஏற்றி இறக்குகிறவன். கெட்ட பழக்கம் ஒன்றும் இல்லை, வாய் மட்டும் கொஞ்சம் நீளம். கல்யாணம் முடிந்த அன்றைக்கே வீட்டில் அவளுக்குத் தலைமுழுகிவிட்டார்கள். அப்பா அம்மா ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தார்கள். மிச்சமிருந்த ஒரே அண்ணன் சபரிநாதன், தங்கச்சியின் எண்ணைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டு, பெரியப்பா காட்டிய பக்கம் நின்றுகொண்டான். கிருத்திகா அழுதாள். அப்புறம் அழுகை போதுமென்று நிறுத்திக்கொண்டு, அருகிலிருந்த மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அமுதவல்லி ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டாள். ஒரு கிலோ இருநூறு கிராம். பெரியாஸ்பத்திரியில் நாற்பத்தோரு நாள் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கிருத்திகா எத்தனையோ சாமியை நினைக்கப் பார்த்தாள். வாயில் வந்தது ஒரே பெயர்தான். சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் அம்மா கூப்பிட்ட பெயர். "கோட்டையாத்தா, இவளைக் குடுத்துரு. உன்ற வாசல்ல முடி எறக்கறேன். அதுவரைக்கும் இவ தலையில கத்தி படாது." அப்படித்தான் வேண்டிக்கொண்டாள்.

பிள்ளை பிழைத்தது. முடியும் வளர்ந்தது. ஒரு வயது, இரண்டு, மூன்று என்று போய், கூட இருந்த பிள்ளைகளெல்லாம் இரண்டு தடவை மொட்டை போட்டு வந்த பிறகும் அமுதாவின் பிறந்த முடி அப்படியே இருந்தது. ஐந்து வயதில் அது இடுப்பைத் தொட்டது. வெயில் காலத்தில் பிடரியெல்லாம் வேர்க்குரு. வாரம் ஒருமுறை பேன் எடுக்க உட்கார்ந்தால் தாய்க்கும் மகளுக்கும் சண்டை. "வெட்டி விடும்மா, கனமா இருக்கு" என்று அமுதா கெஞ்சுவாள். "வெட்டலாம் சாமி, ஆத்தா கூப்பிடட்டும்" என்பாள் கிருத்திகா. டீச்சர் நோட்டில் சிவப்பு மையால் எழுதி அனுப்பினாள். அக்கம்பக்கத்தில் கேட்காதவர்கள் இல்லை.

"எங்க முனியப்பன் கோயில்ல எறக்கிடலாமே, ஒரு கெடாயும் வெட்டிடலாம்" என்று அறிவு ஒருமுறை சொல்லிப் பார்த்தான்.

"நான் முனியப்பனுக்கா வேண்டுனேன்? ஆருகிட்டச் சொன்னனோ அவகிட்டத்தான் எறக்கோணும்."

"எனக்குச் சாமி மேல நம்பிக்கையில்ல. ஆனா உன் கோவத்து மேல நம்பிக்கை இருக்கு" என்றான் அறிவு. அவனிடம் அவளுக்குப் பிடித்ததே இந்தப் பேச்சுத்தான்.

போன தை மாதம் புதுக்கோயிலில் பொங்கல். பங்காளிகள் எல்லாரும் கூடும் நாள். கட்டிக் கொடுத்த பெண்கள் வேண்டுதல் இருந்தால் பிறந்த வீட்டுக் கோயிலுக்கு வந்து பிள்ளைக்கு முடி இறக்குவது அங்கே வழக்கம்தான். அன்றைக்குக்கூட நாலு பிள்ளைகள் மொட்டைத் தலையோடு சந்தனம் பூசிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். அந்த நம்பிக்கையில்தான் கிருத்திகா புருஷனையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள். கையில் தேங்காய்ப் பழத்தட்டு. இளையவன், மூன்று வயது சந்தோஷ்குமார், அப்பனின் தோளில்.

வெள்ளியங்கிரி கம்பிக் கதவைச் சாத்திவிட்டு இந்தப் பக்கம் வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் பச்சைக்கரைத் துண்டு. சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று கிருத்திகா பிறகு பலமுறை நினைத்தாள்.

"கட்டிக் குடுத்தவ வாறது வேற, ஓடிப்போனவ வாறது வேற அம்முணி. இங்க ஆத்தா வாசல் உனக்கு இல்ல."

"எனக்கு வேண்டாமுங்க பெரியப்பா. புள்ளைக்கு வேண்டுதலுங்க. எறக்கீட்டுப் போயிர்றோம்."

"வேண்டுதல்னா எங்கயாச்சும் எறக்கு. தா, தண்ணிக்குள்ள கெடக்கறா பாரு பழைய ஆத்தா. அங்க போயி எறக்கிக்கோ. ஆரு வேண்டாங்கறா?"

சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் பின்னால் மின்னிக்கொண்டிருந்த தண்ணீரைக் கையால் காட்டினார். அன்றைக்கு அணையில் எழுபது அடிக்கு மேல் தண்ணீர். கூட்டம் கொல்லென்று சிரித்தது. சபரிநாதன் சிரிக்கவில்லை. கைப்பேசியை எடுத்து அதில் ஏதோ இருப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான். கிருத்திகாவுக்குப் பெரியப்பா சொன்னதைவிட அதுதான் அதிகம் வலித்தது.

ஆனால் ஒன்று. பெரியப்பா சொன்னதை அத்தனை பங்காளிகளும் கேட்டார்கள். ஆத்தா வாசலில் நின்று ஒருவர் ஒரு வார்த்தை விட்டால் அதைத் திரும்ப வாங்குவது அந்தச் சனத்தில் கிடையாது. நிலத் தகராறே அப்படித்தான் தீர்ப்பார்கள். வெள்ளியங்கிரி கேலியாகத்தான் விட்டார். கிருத்திகா அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து காலையில் மருந்துக்கடைக்குப் பேப்பர் வந்ததும் அவள் முதலில் பார்ப்பது மூலையில் பெட்டி கட்டிப் போட்டிருக்கும் மேட்டூர் அணை நீர்மட்டத்தைத்தான். மாசியில் அறுபத்தைந்து. பங்குனியில் அறுபது. சித்திரை மழை ஏமாற்றியது. விவசாயிகளெல்லாம் வானத்தைப் பார்த்து வயிற்றெரிச்சல் பட்ட அந்தக் கோடையில், சேலம் ஜில்லாவில் தண்ணீர் குறைவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே ஜீவன் கிருத்திகாவாகத்தான் இருக்கும். அதற்காக அவள் வெட்கப்படவும் செய்தாள். வெட்கப்பட்டுக்கொண்டே மறுநாளும் பேப்பரைப் பிரித்தாள்.

வைகாசியில் ஐம்பதுக்குக் கீழே போனது. அந்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நாலு பேரும் குட்டியானையில் ஏறி, மேச்சேரி தாண்டி, கரைக்குப் போய் இறங்கினார்கள். புதுக்கோட்டூர்ப் பக்கம் போகவில்லை. மீன் வறுவல் கடைகள் இருக்கும் பக்கமாக இறங்கி நடந்தார்கள்.

தண்ணீர் பின்வாங்கிய இடமெல்லாம் வேறு உலகமாக இருந்தது. மேலே பாளம் பாளமாக வெடித்த சேறு. அதைத் தாண்டி, ஈரம் காய்வதற்குள் யாரோ விதைத்துவிட்ட எள்ளும் வெள்ளரியும். அதைத் தாண்டிக் கவிழ்த்துப் போட்ட பரிசல்கள், காயப்போட்ட வலை. அதற்கும் அப்பால் தண்ணீர். கரையிலிருந்து தண்ணீருக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும். சந்தோஷ் பத்தடிக்கு ஒருமுறை குனிந்து நத்தை ஓடு பொறுக்கினான். டவுசர்ப் பை இரண்டும் நிரம்பி டவுசரே இறங்கிவிட்டது. அமுதாவின் சடை சீமைக்கருவேல முள்ளில் மாட்டி, அதை எடுப்பதற்குள் அவள் அழுது, அறிவு கையெல்லாம் கீறிக்கொண்டான்.

கோட்டைச் சுவர் முதலில் தெரிந்தது. சுவர் என்று சொல்ல முடியாது, கல்லும் மண்ணும் கலந்த ஒரு நீள மேடு. வாசல் இருந்த இடத்தில் இரண்டு கல்நிலை மட்டும் சாய்ந்து நின்றது. அதற்கப்பால், தண்ணீருக்குள், விளக்குத்தூணின் தலை ஒரு முழம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதன்மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தது.

"கடலுக்குள்ள ஆரும்மா குச்சி நட்டது?" என்றாள் அமுதா.

"நம்ம ஆளுங்கதான் சாமி."

அதற்கப்புறம் ஒரு ஞாயிறும் விடவில்லை. கட்டுச்சோறு, தண்ணீர்ப் புட்டி, பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. சாய்ந்த கல்நிலைக்கு நடுவில் அமுதா கடை போட்டாள். நத்தை ஓடு பருப்பு, உடைந்த பானை ஓடு வெல்லம், அறிவுதான் வாடிக்கை. கோட்டைக்குள் யார் இருந்தார்கள் என்று சந்தோஷ் கேட்டால், "ராசா இருந்தான், குதிரை இருந்தது, உங்கம்மாளாட்டம் கோவக்காரி ஒருத்தி இருந்தா" என்று அறிவு கதை விடுவான். கிருத்திகா அதிலெல்லாம் சேர மாட்டாள். தண்ணீர் ஓரத்தில் ஒரு கல்லைக் குறித்து வைத்துக்கொண்டு நிற்பாள். அடுத்த வாரம் அந்தக் கல் கரையேறி இருக்கும். இரண்டாவது ஞாயிறு கோயிலின் கூரைக்கல் தெரிந்தது. மூன்றாவது ஞாயிறு உத்தரம். நாலாவது ஞாயிறு வாசல் பாதி. எட்டடி உயரத்துக்குமேல் இல்லாத சின்னக் கற்கோயில்தான். வெளியே வர அதற்கு அத்தனை நாள் பிடித்தது.

ஆறாவது ஞாயிறு, ஆனி மாதக் கடைசி. அணையில் நாற்பத்து மூன்று அடி. கோயிலுக்குள் முழங்கால் அளவு தண்ணீர்தான். அறிவு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"இருக்காளா?" என்று கேட்டாள் கிருத்திகா.

"இருக்காங்க. மூக்கு கொஞ்சம் தேஞ்சிருக்கு, ஒரு கை போயிருக்கு. மத்தபடி ஜம்முனு உக்காந்திருக்காங்க."

அடுத்த ஞாயிறு தரையும் தெரிந்துவிடும், அன்றைக்கு இறக்கிவிடலாம் என்று முடிவு செய்துகொண்டு திரும்பினார்கள். திங்கட்கிழமைப் பேப்பர் அதில் மண்ணைப் போட்டது. கர்நாடகாவில் கனமழை. மேலே உள்ள அணைகள் நிரம்பித் தண்ணீர் திறந்துவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை ஒகேனக்கல்லில் குளிக்கத் தடை. புதன்கிழமை மேட்டூருக்கு வெள்ளம் வந்துவிடும், ஒரே வாரத்தில் முப்பது அடி ஏறும் என்றார்கள். ஜில்லாவே பட்டாசு வெடிக்காத குறையாக மகிழ்ந்தது. கிருத்திகா மருந்துக்கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, முதலாளியிடம் புதன்கிழமை லீவு கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் செய்த இன்னொரு காரியம்தான் அறிவுக்கே திக்கென்றது. கைப்பேசியை எடுத்து வெள்ளியங்கிரிக்கு அடித்தாள்.

"பெரியப்பா, நான் கிருத்திகா பேசறேனுங்க. நீங்க தையில சொன்னீங்கல்லங்க, தண்ணிக்குள்ள இருக்கற ஆத்தாகிட்ட எறக்கிக்கச் சொல்லி. நாளைக்குக் காலைல எறக்கறோமுங்க. சொன்னவங்க நீங்க, அதனால சொல்லீட்டுப் பண்றேன். வந்துருங்க. அண்ணனையும் கூட்டீட்டு வாங்க."

மறுமுனையில் பட்டென்று வைத்துவிட்டார்.

"எதுக்கு வம்பை வெத்தலபாக்கு வெச்சுக் கூப்பிடற?" என்றான் அறிவு.

"திருட்டுத்தனமா எறக்க நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்றாள் அவள்.

மறுநாள் விடிந்தபோது அவர்கள் சேற்றில் நடந்துகொண்டிருந்தார்கள். கூட ஐந்தாவதாக ஓர் ஆள், செவ்வாய்ப்பேட்டையில் சலூன் வைத்திருக்கும் கருப்பண்ணன். அறிவுக்கு வாரத்துக்கு இருமுறை சவரம் செய்கிறவர். கத்திப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, அடிக்கொரு தடவை வழுக்கி, "கோயில்னீங்க, இது கம்மாயா இருக்குதே, அறிவு" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்தார். எள்ளுக்காட்டுக்காரர்கள் பச்சையாகவே செடியைப் பிடுங்கி மேட்டுக்குச் சுமந்துகொண்டிருந்தார்கள். பரிசல்களைக் கரைக்கு இழுத்துப் போயாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கிருத்திகா குறித்து வைத்த கல்லைக் காணவில்லை. தண்ணீர் திரும்பிவிட்டிருந்தது. கோயிலுக்குள் அது இப்போது தொடைவரை இருந்தது. வாசல் படிக்கல் மட்டும் மேடு, அதன்மேல் கணுக்கால் அளவு.

கோட்டை வாசலில் சாய்ந்த கல்நிலைக்குப் பக்கத்தில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள். வெள்ளியங்கிரியும் சபரிநாதனும்.

கிருத்திகாவுக்குப் பயமில்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் நடையை நிறுத்தவில்லை. "வாங்க பெரியப்பா" என்று தன் வீட்டு வாசலுக்கு வந்தவரைக் கேட்பதுபோலக் கேட்டாள்.

"கிறுக்குப் புடிச்சுருச்சா உனக்கு? வெள்ளம் வருது. சின்னப் புள்ளைங்களக் கூட்டீட்டு இங்க வந்து நிக்கற?"

"வெள்ளம் வாறதுக்குள்ள முடிச்சுருவோமுங்க."

"என்னத்த முடிப்பே? ஆத்தா இங்க இல்ல. பிடிமண்ணுல அன்னைக்கே மேட்டுக்கு வந்துட்டா. இங்க கெடக்கறது வெறுங்கல்லு. வெறுங்கல்லு முன்னால மயிர வழிச்சா வேண்டுதல் ஆயிருமா?"

"வெறுங்கல்லுன்னா உங்களுக்கு என்னங்க நட்டம்? வாங்க, வந்து பாருங்க."

அவள் தண்ணீருக்குள் இறங்கி நடந்தாள். அறிவு இரண்டு பிள்ளைகளையும் இரண்டு தோளிலும் தூக்கிக்கொண்டான். என்ன நினைத்தாரோ, வெள்ளியங்கிரியும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தார். எழுபது வயதில் அவர் அந்தக் கோயிலை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. தண்ணீர் வற்றிய வருஷங்களிலும் அவர் இந்தப் பக்கம் இறங்கியதில்லை. இங்கே என்ன பார்க்க இருக்கிறது என்று மற்றவர்களையும் போகவிட்டதில்லை.

காலை வெயில் நேராக வாசல் வழியே உள்ளே விழுந்திருந்தது. தன் இடுப்பளவு தண்ணீரில் ஆத்தா உட்கார்ந்திருந்தாள். மூக்கு தேய்ந்து, கழுத்தில் பாசி படர்ந்து, ஒரு கை முழங்கையோடு போயிருந்தது. கண்கள் மட்டும் அப்படியே இருந்தன. நேற்று செதுக்கியதுபோல் அகலமாகத் திறந்து, வாசலில் வருகிறவர்களைப் பார்த்தபடி.

வெள்ளியங்கிரி வாசலுக்கு எதிரே வந்து நின்றார். அப்புறம் அவருடைய கை தானாக மேலே போய்த் தோளில் கிடந்த பச்சைக்கரைத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டியது. செருப்பைத் தண்ணீருக்குள்ளேயே கழற்றிவிட்டார். அது மிதந்து போனது.

கிருத்திகா அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சும்மா இருக்க அவளால் முடியவில்லை.

"பெரியப்பா, வெறுங்கல்லுக்கு எதுக்குங்க துண்ட எடுத்தீங்க?"

அவர் முகம் கறுத்தது. துண்டை அவிழ்க்கவும் முடியவில்லை, கட்டியிருக்கவும் முடியவில்லை. கருப்பண்ணன் குனிந்து கத்தியைத் தீட்டுவதுபோலச் சிரிப்பை மறைத்துக்கொண்டார்.

"செரி, எறக்கு பாப்போம்" என்றார் வெள்ளியங்கிரி, குரலை உயர்த்தி. "தாய்மாமன் மடி இல்லாம முடி எறக்குவியா? எந்தச் சனத்துல உண்டு அப்பிடி? அவன் மடி குடுக்க மாட்டான். கேட்டுப் பாரு."

எல்லாரும் சபரிநாதனைப் பார்த்தார்கள். அவன் முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தான். ஏழு வருஷத்தில் நெற்றி ஏறி, அப்பாவின் சாடை வந்திருந்தது. கிருத்திகா கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆனால் பார்த்தாள். ஒரு மூச்சு விடும் நேரம் பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான், பெரியப்பாவைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

"ஆரு மடிம்மா?" என்று கருப்பண்ணன் மெதுவாகக் கேட்டார். "தண்ணி ஏறுது."

கிருத்திகா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, வாசல் படிக்கல்லில், தண்ணீரிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ஆத்தாவுக்கு முதுகைக் காட்டவில்லை, பெரியப்பாவுக்கும் காட்டவில்லை, பக்கவாட்டில் உட்கார்ந்தாள்.

"வா சாமி, வந்து உக்காரு."

"மாமா மடின்னாங்க?" என்றாள் அமுதா.

"நாப்பத்தோரு நாள் கண்ணாடிக்கு வெளிய ஆரு நின்னாங்களோ அவங்க மடிதான். உக்காரு."

அமுதா உட்கார்ந்தாள். தண்ணீர் குளிர்ச்சியாக இருந்ததால் கிச்சுக்கிச்சு மூட்டியதுபோல் சிரித்தாள். கருப்பண்ணன் ஒரு கை தண்ணீரை அள்ளி அவள் தலையில் விட்டு, கண்ணை மூடி ஏதோ சொல்லிக்கொண்டு, நெற்றிக்கு மேலே கத்தியை வைத்தார். ஐந்து வருஷத்து முடி கற்றை கற்றையாக விழுந்து, படிக்கல்லைச் சுற்றி மிதந்து, சுழன்று, வாசலுக்குள் ஆத்தாவின் மடிப்பக்கமாகப் போனது. அறிவு சந்தோஷைத் தோளில் வைத்தபடி கற்பூரத்தை ஏற்றிக் காற்றுக்குக் கை மறைத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். சாமி மேல் நம்பிக்கையில்லாதவனின் கை சுட்டுக்கொண்டது, அவன் விடவில்லை. கிருத்திகா அழுதுகொண்டிருந்தாள். அது துக்கமில்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்ததால் துடைக்கவும் இல்லை.

சிரைத்து முடித்தபோது படிக்கல்லில் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறியிருந்தது. சந்தனத்தைக் குழைத்து மொட்டைத் தலையில் பூசினாள். அமுதா இரண்டு கையாலும் தலையைத் தடவிப் பார்த்து, "ஐ, காத்து வருதும்மா!" என்று கத்தினாள்.

"ஆச்சில்ல? கெளம்புங்க" என்றார் வெள்ளியங்கிரி. குரலில் பழைய வேகம் இல்லை. "நாளைக்கு இது தண்ணிக்குள்ள போயிரும். அதோட முடிஞ்சுது உன்ற கூத்து."

கிருத்திகா எழுந்து, வாசலைத் தாண்டி உள்ளே போனாள். ஆத்தாவுக்கு முன்னால் மூக்கு வரைக்கும் தண்ணீரில் குனிந்து, காலடியில் கையை விட்டு, ஒரு பிடி மண்ணை அள்ளினாள். கறுத்த, வழவழப்பான வண்டல். பூசைத் தட்டை மூடிக் கொண்டுவந்த மஞ்சள் துணியில் அதை வைத்து முடிந்தாள். தலையிலிருந்தும் சேலையிலிருந்தும் தண்ணீர் சொட்டச் சொட்ட வெளியே வந்தாள்.

வெள்ளியங்கிரிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் தண்ணீரைக் கலக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏய், வெய்யி அத! அத எடுக்கப்படாது! பிடிமண் எடுத்தா ஆத்தா கூடவே வந்துருவா!"

"தெரியுமுங்க. அதுக்குத்தான் எடுத்தேன்."

"உனக்கு ஏது அந்த உரிமை?"

"உங்க தாத்தனுக்கு ஆரு குடுத்தாங்க? தண்ணி வந்துச்சு, ஒரு புடி அள்ளீட்டுக் கெளம்புனாரு. எனக்கும் தண்ணி வருது, நானும் ஒரு புடிதான் அள்ளியிருக்கேன். வெறுங்கல்லுக்கு அடியில இருந்த வெறும் மண்ணுதானுங்களே, உங்களுக்கு எதுக்கு?"

அவர் கையை நீட்டினார். நீட்டிய கை முடிச்சுக்கு ஒரு சாண் தள்ளி அப்படியே நின்றுவிட்டது. ஆத்தாவைப் பிடுங்குவதற்கு அவருக்குத் தைரியம் வரவில்லை. கிருத்திகா முடிச்சை மார்போடு வைத்துக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தாள்.

கோட்டை வாசலுக்கு வரும் வழியில் சந்தோஷ் அப்பனின் தோளிலிருந்து இறங்கியே தீருவேன் என்று அடம்பிடித்து இறங்கி, இரண்டடியில் சேற்றில் புதைந்துவிட்டான். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றெல்லாம் பாராமல் இரண்டு கையையும் மேலே தூக்கினான். பக்கத்தில் இருந்தது சபரிநாதன். குழந்தை கை தூக்கினால் எடுக்காமல் இருக்க அவனுக்கு வரவில்லை. எடுத்தான். வெள்ளைச் சட்டையெல்லாம் சேறு. பத்தடி தூரம் தூக்கிக்கொண்டு வந்து, அறிவிடம் கொடுத்துவிட்டு, கிருத்திகாவை நிமிர்ந்து பார்க்காமல் நின்றான். அவள் அதற்கு நன்றி சொல்லவில்லை. மடி கேட்ட நேரத்தில் மடி கொடுக்காதவனுக்கு அவ்வளவு சீக்கிரம் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

பின்னால் வெள்ளியங்கிரி வெறுங்காலோடு முள்ளுக்குப் பயந்து பார்த்துப் பார்த்து நடந்து வந்துகொண்டிருந்தார். தூரத்திலிருந்தே கத்தினார்.

"எங்கடி கொண்டுபோயி வெக்கப்போற? செவ்வாப்பேட்டைச் சந்துலயா? எந்தச் சனம் கும்புடும் அங்க?"

கிருத்திகா நின்று திரும்பினாள். பக்கத்தில் மொட்டைத் தலை மஞ்சளாக மின்ன அமுதா அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆத்தாவை எங்கே வைப்பது என்று ஆறு வாரமாக மனசில் கிடந்த கேள்விக்குக் கிருத்திகாவிடம் பதில் இப்போதுதான் வந்தது.

"எங்க வெச்சாலும் கதவு மட்டும் வெக்க மாட்டேனுங்க பெரியப்பா. நீங்களும் வரலாம்."

சொல்லிவிட்டு மேட்டை நோக்கி நடந்தாள். குட்டியானையில் கருப்பண்ணன் முன்னால் ஏறப் போனார். "நீங்க பின்னால ஏறுங்கண்ணா, முன் சீட்டுல ஆத்தா வாராங்க" என்றான் அறிவு.